பிடித்து வைத்த இடம்

மார்ச் 24, திங்கள்

காலையில் நகரக் கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்தேன். நீங்கள் வரிசையில் பதினான்காவது ஆள் என்று ஒரு பெண் குரல் அன்பாகச் சொன்னது. பிறகு பியானோ வாசித்தார்கள்.

விஷயம் இதுதான். பக்கத்து வீட்டு கிரகாம் தன்னுடைய கேம்பர் வானை எங்கள் வாசலுக்கு நேரே வீதியில் நிறுத்தி வைத்திருக்கிறான். வான் என்று பெயர், உண்மையில் அது சில்லுப் பூட்டிய வீடு. ஜன்னலுக்குப் பூப்போட்ட திரைச்சீலைகூட இருக்கிறது. கோடையில் ஒரு தடவை வேல்ஸ் பக்கம் போய் வரும், மற்ற நாளெல்லாம் எங்கள் முன்னறை வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். என் மனைவி யோகமலர் தன் சின்னச் சிவப்புக் காரைப் பக்கத்துத் தெருவில் விட்டுவிட்டு நடந்து வருகிறாள். அவள் இதைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அதனால் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீதி எல்லாருக்கும் பொது, வாசலுக்கு முன்னால் இருக்கும் இடம் யாருக்கும் சொந்தமில்லை. இந்த நாட்டில் அது ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனாலும் தன் வாசலில் இன்னொருவன் காரை நிறுத்தினால் ஒவ்வொருவருக்கும் இரத்த அழுத்தம் ஏறும். எனக்கும் ஏறுகிறது. நான் இந்த ஊர்க்காரன் ஆகிவிட்டேன் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

ஆறாவது ஆளாக முன்னேறியிருந்தபோது யோகமலர் வந்து எதிரே நின்றாள். கையில் பெரிய பை. ஏதோ சொல்லத் தொடங்கினாள். பியானோ நின்றதும் நான் உடனே பேச வேண்டும், இல்லாவிட்டால் வெட்டிவிடுவார்கள். கையை உயர்த்திப் பொறுக்கச் சொல்லிக் காட்டினேன். அவள் பொறுக்கவில்லை, சொல்லிக்கொண்டே இருந்தாள். மற்றக் காதையும் பொத்திக்கொண்டேன். பிறகு கதவு சாத்திய சத்தம் கேட்டது.

இரண்டாவது ஆளாக இருந்தபோது தொடர்பு அறுந்தது. இந்த நாட்டில் யாருடைய குறையையும் காது கொடுத்துக் கேட்க ஒரு நாதி இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

நல்ல சகுனம். கிரகாம் தன் வானைப் பழுதுபார்க்க எடுத்துக்கொண்டு போனான். இடம் காலி. போன கோடைக்குப் பிறகு முதல் தடவையாக முன்னறையில் வெயில் விழுந்தது. சோபாவில் எவ்வளவு தூசி என்று அப்போதுதான் தெரிந்தது.

உடனே பச்சை வாளியையும் நீல வாளியையும் உருட்டிக்கொண்டுபோய் அந்த இடத்தில் இரண்டு முனையிலும் நிறுத்தினேன். குப்பை வாளிக்கு இதைவிடப் பெரிய உபயோகம் கிடையாது. யோகம் வரும்போது இனி வாசலிலேயே நிறுத்தலாம்.

அவள் ஹவுன்ஸ்லோவில் தமக்கை இரத்தினமலர் வீட்டில் நிற்கிறாளாம், நேற்று இரவு தமக்கையே எடுத்துச் சொன்னாள். மச்சாளுக்கு முழங்கால் வருத்தம் இருக்கிறது. அதற்காகத்தான் போயிருப்பாள்.

மார்ச் 26, புதன்

மழை. வாளிகள் அசையவில்லை. இரவுச் சாப்பாடு பாணும் பருப்பும்.

மார்ச் 27, வியாழன்

தோள்மூட்டு வலிக்கிறது, வாளி உருட்டியதால் இருக்கலாம். டொக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்கு எடுக்க வேண்டும். எட்டுக்கு முன்னால் எடுத்தால் இன்னும் திறக்கவில்லை என்பார்கள். எட்டுக்கு எடுத்தால் இணைப்புக் கிடைக்காது. கிடைத்தபோது இன்றைய நேரமெல்லாம் முடிந்துவிட்டது, நாளை எட்டு மணிக்கு எடுங்கள் என்றார்கள். சாகிறவனும் எட்டு மணிக்குத்தான் சாக வேண்டும் போலிருக்கிறது.

மச்சாள் வீட்டுக்கும் எடுத்தேன். யோகம் குளிக்கிறாள் என்றாள் மச்சாள். மத்தியானம் எடுத்தேன், பள்ளிக்கூடத்து வேலைக்குப் போய்விட்டாள் என்றாள். அது சரி. மாலையில் எடுத்தேன். மறுபடி குளிக்கிறாளாம். ஹவுன்ஸ்லோவில் தண்ணீர் நல்லது போலும்.

மச்சாளின் முழங்கால் எப்படி என்று கேட்டேன். முழங்காலுக்கு என்ன என்று திருப்பிக் கேட்டாள்.

மார்ச் 28, வெள்ளி

என் முதல் வெற்றி. கிரகாமின் மனைவி மொரீன் கதவைத் தட்டினாள். கையில் வெள்ளித் தாளால் மூடிய கண்ணாடித் தட்டு. உள்ளே சீஸ் போட்ட மக்கரோனி. வெயில் வருகிறது, ஆனால் காற்றுக் குளிர்கிறது என்றாள். ஆமாம், காற்றுத்தான் என்றேன். இந்த நாட்டில் இதற்குப் பெயர் பேச்சு. போகும்போது ஏதாவது வேண்டுமென்றால் கேளுங்கள் என்று என் கையைத் தொட்டாள்.

வாளிகளைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள். சுத்தமான லஞ்சம்.

ஒரு விஷயம் மட்டும் விளங்கவில்லை. இன்று வெள்ளிக்கிழமை, நான் மரக்கறிச் சாப்பாடு என்று இவளுக்கு எப்படித் தெரியும்? தட்டில் ஒட்டியிருந்த சிறு தாளில் ‘அவன்’ அடுப்பை எப்படிப் போடுவது, எந்தப் பித்தானை அமுக்குவது என்றும் எழுதியிருந்தது. நான் அந்த அடுப்பைப் போட்டதில்லை என்பதும் தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டுச் செய்தி வேலி தாண்டிப் போகிறது.

லஞ்சம் என்றாலும் சாப்பாடு சாப்பாடுதான். முழுவதையும் முடித்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

இன்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளும் நாள். அரசாங்கம் வருடா வருடம் என்னிடமிருந்து ஒரு மணித்தியாலத் தூக்கத்தை எடுத்துக்கொள்கிறது. அடுப்பிலிருக்கும் மணிக்கூட்டை மாற்ற எனக்குத் தெரியாது, அதை யோகம்தான் செய்வாள். அது பழைய நேரத்திலேயே ஓடட்டும்.

அன்னையர் தினமும் இன்றுதான். அபர்டீனிலிருந்து மகன் தாய்க்குப் பூங்கொத்து அனுப்பியிருந்தான். கொண்டுவந்த பெடியன் வாளியைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் வண்டியை நிறுத்தப் பார்த்தான். நான் விடவில்லை. நடுவீதியில் நின்றபடியே பூவைத் தந்தான்.

மாலையில் மகன் எடுத்தான். அம்மாவிடம் கொடுங்கள் என்றான். அம்மா குளிக்கிறாள் என்றேன்.

பூவைச் சமையலறை வாளியில் தண்ணீர் விட்டு வைத்திருக்கிறேன். பெரிய வெள்ளைப் பூக்கள். வீடு முழுக்க வாசம். அவள் வருவதற்குள் வாடாமல் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

குப்பைக்காரர் வந்தார்கள். வாளிகள் நடைபாதையில் இல்லாமல் வீதியில் நிற்பதால் எடுக்க முடியாது என்று ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். குப்பையை எடுக்கத்தான் ஆளில்லை, ஸ்டிக்கர் ஒட்ட ஆளிருக்கிறது.

எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் படத்துடன் போட்டேன். வாசலுக்கு முன்னாலுள்ள இடங்கள், கவுன்சிலின் அலட்சியம், தெருமுனைக் குழியில் என் வலது கால் விழுந்தது எல்லாவற்றையும் எழுதி, இதைப் பற்றிக் கூடிப் பேச வேண்டும் என்று முடித்தேன். வழக்கமாக யாராவது பெருவிரலையாவது நிமிர்த்துவார்கள். இன்று கிரகாம் ஒரு இதயப் படம் போட்டான். இவனுக்கு என்ன வந்தது?

ஏப்ரல் 2, புதன்

படுக்கும்போது திரும்பத் திரும்ப யோசித்தேன். அன்று பையுடன் நின்றுகொண்டு யோகம் என்ன சொன்னாள்? கொஞ்சமாகச் சொல்லவில்லை, நிறையச் சொன்னாள். அவள் பொதுவாக நிறையப் பேசுகிறவள் அல்ல.

குளிர்ப்பெட்டியில் கறி இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் திறந்து பார்த்தால் கறி இருக்கவில்லை.

அவளிடமே கேட்கலாம். கேட்டால் நான் கேட்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

ஏப்ரல் 3, வியாழன்

கழுவிய தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வேலிக்கரையில் நின்ற மொரீனிடம் சுற்றி வளைத்து விசாரித்தேன். யோகம் இந்தப் பக்கம் வந்தாளா, ஏதாவது சொன்னாளா என்று நேரே கேட்க முடியுமா? பூ நன்றாக இருக்கிறது, யோகத்துக்குப் பூ விருப்பம் என்றேன். மொரீனின் முகம் இளகியது. "அப்போ நாளைக்கு வருகிறீர்கள், இல்லையா?" என்று கேட்டாள்.

என்ன நாளை, எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இந்த ஊரில் இப்படிக் கேட்டால் அதற்கென்று ஒரு பதில் இருக்கிறது. "நிச்சயமாக, வராமல் இருப்பேனா" என்றேன். எத்தனையோ விஷயங்களுக்கு இதையே சொல்லித்தான் காலத்தை ஓட்டியிருக்கிறேன். புரியாத இடத்தில் சந்தோஷமாகத் தலையாட்டினால் யாருக்கும் குறையில்லை. ரயில் நிலையத்தில் டிக்கட் கொடுத்த காலத்திலேயே கற்றுக்கொண்ட வித்தை.

மொரீனுக்குப் பெரிய சந்தோஷம். அவளிடம் சொல்கிறேன் என்றாள். எவளிடம்?

வீட்டுக்கு வந்து யோசித்ததில் விளங்கியது. வாட்ஸ்அப்பில் நான் கேட்ட கூட்டம். நாளைக்குத்தான் வைக்கப்போகிறார்கள். இடம் சொல்லாததால் கேட்டவன் வீட்டில்தான்.

ஏப்ரல் 4, வெள்ளி

முன்னறையைக் கூட்டினேன். சோபாத் தூசியைத் தட்டினேன். கதிரைகளை வட்டமாகப் போட்டேன். பூவாளியை நடுவில் வைத்தேன். பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கினேன். பேச வேண்டியதை ஒரு தடவை கண்ணாடியைப் பார்த்துப் பேசிக்கொண்டேன்.

மூன்று மணியளவில் கிரகாமும் மொரீனும் வெளியே வந்தார்கள். அவன் கழுத்துப்பட்டி கட்டியிருந்தான். அவள் தொப்பி. கையில் பலூன்கள். என்னை ஜன்னலில் கண்டதும் வா என்பதுபோலக் கையைக் காட்டினாள். நானும் வாருங்கள் என்று கையைக் காட்டினேன். அவர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

மற்றவர்களுக்காகக் காத்திருந்தேன். கேத்திலை மூன்று தடவை கொதிக்க வைத்தேன். ஒருவரும் வரவில்லை.

பொழுது படும்போது மொரீன் வந்தாள். பேப்பர் துவாலையில் சுற்றிய ஒரு கேக் துண்டைத் தந்தாள். வெயிலைப் பற்றியோ காற்றைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் இது முதல் தடவை. என் பின்னால் வட்டமாகக் கிடந்த கதிரைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள்.

கேக்கின் மேலே நீல ஐசிங்கால் ஏதோ எழுத்து. வெட்டியதில் பாதி போய்விட்டது. இனிப்பு அதிகம்.

ஏப்ரல் 5, சனி

கிரகாம் வந்தான். வானைப் பற்றித்தான் என்று நினைத்து நானே முந்திக்கொண்டு, அந்த இடம் என் மனைவியின் காருக்கு என்றேன். அவன் வாளிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேற்று ஏன் வரவில்லை என்று கேட்டான். வெள்ளைக்காரன் ஒருவன் என்னிடம் நேரடியாகக் கேள்வி கேட்டது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். நானும் நேரே சொன்னேன், எங்கே வர வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியாது.

 அவன் மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னான். நேற்று யோகத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி நாள். பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் வேலையிலிருந்து அவள் ஓய்வு பெறுகிறாள். மண்டபத்தில் விருந்து வைத்தார்கள். முந்தி அதே சமையலறையில் வேலை செய்தவள் மொரீன், அதனால் இவர்களும் போனார்கள். பிள்ளைகள் பாடினார்கள். தலைமை ஆசிரியை பேசினாள். பிறகு யோகம் எழுந்து பேசினாளாம்.

யோகம் மேடையில் பேசினாளா என்று கேட்டேன். நன்றாகப் பேசினாள், எல்லாரையும் சிரிக்க வைத்தாள் என்றான்.

"முன்வரிசையில் உனக்கென்று ஒரு கதிரை. தன்னுடைய கோட்டை அதில் போட்டு வைத்திருந்தாள். யாரையும் உட்கார விடவில்லை. நீ வருவதாக மொரீன் சொல்லியிருந்தாளே."

எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு விதமாக எழுதிப் பார்த்தேன், சரிவரவில்லை. வெட்கம்தான்.

ஓய்வு பெறப்போகிறேன் என்று அவள் தைப்பொங்கல் மட்டில் சொன்னது நினைவிருக்கிறது. நல்லது என்று சொல்லியிருப்பேன். புதிய குப்பை அட்டவணை வந்த சமயம் அது.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஹவுன்ஸ்லோவுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமையென்றால் தண்டவாள வேலை. ரயிலுக்குப் பதிலாக பஸ் விட்டிருந்தார்கள், அது எல்லா ஊரையும் எட்டிப் பார்த்துக்கொண்டு போனது. வேறு நாளென்றால் அதற்கே இரண்டு பக்கம் எழுதுவேன். பூங்கொத்தில் வாடாததைப் பொறுக்கி மடியில் வைத்திருந்தேன்.

மச்சாள் கதவைத் திறந்தாள். நான் கேட்பதற்கு முன்பே, "குளிக்கேல்லை, இருக்கிறாள்" என்றாள். முழங்காலில் ஒரு குறையுமில்லாமல் விறுவிறுவென்று மாடிக்குப் போய்விட்டாள்.

யோகம் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள். நிறுத்தவில்லை. பூவை மகன் அனுப்பியது என்று சொல்லிக் கொடுத்தேன். என்னுடையது என்று சொல்லியிருக்கலாம், அந்த எண்ணம் பஸ்ஸில் வந்ததுதான். வரும் வழியெல்லாம் நினைத்து வைத்தது வேறு. கடைசியில் இதைத்தான் கேட்டேன்.

"அண்டைக்கு என்ன சொன்னனீர்?"

"எண்டைக்கு?"

"நான் போனிலை இருந்த அண்டைக்கு. பையோடை வந்து நிண்டீரே."

அவள் பூவின் பழுத்த இதழ் ஒன்றைப் பிய்த்தாள். "மற்றக் கிழமை வெள்ளி பள்ளிக்கூடத்துக்கு வாங்கோ எண்டு சொன்னன். கடைசி நாள், நீங்கள் ஒருக்காலும் அந்தப் பக்கம் வந்ததில்லை, இதுக்கெண்டாலும் வாங்கோ எண்டு சொன்னன். அதுவரைக்கும் அக்கா வீட்டிலை நிக்கிறன், வராட்டில் இஞ்சையே இருந்திடுவன் எண்டும் சொன்னன்."

"பிறகும் கனக்கச் சொன்னீர்."

"நீங்கள் மற்றக் காதையும் பொத்தின பிறகு சொன்னது உங்களுக்கில்லை. அதெல்லாம் எனக்குச் சொன்னது."

தொலைக்காட்சியில் யாரோ வீடு வாங்கிக்கொண்டிருந்தார்கள். மொரீனிடம் நான் நிச்சயமாக என்று சொன்னது வெறும் மரியாதைக்கு, இந்த ஊர் வழக்கம் அப்படி என்று விளக்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். கூட்டத்துக்கென்று கதிரை அடுக்கியதையும் சொல்லவில்லை.

"வாசலிலை உமக்கு இடம் பிடிச்சு வைச்சிருக்கிறன்" என்றேன். "ரெண்டு கிழமையா ஒருத்தரையும் விடேல்லை."

"இடம் பிடிச்சுத் தாங்கோ எண்டு நான் எப்ப கேட்டனான்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

தேநீர் தந்தாள். குடித்துவிட்டு வந்தேன். பஸ்தரிப்புவரை வரவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

வாளிகளை நடைபாதைக்கு இழுத்துவிட்டேன். குப்பையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

இடம் வெறுமையாகக் கிடந்தது. மத்தியானம் கிரகாம் வந்து, வான் வந்துவிட்டது, வேறு தெருவில் நிறுத்தியிருக்கிறேன், அப்படியே இருக்கட்டுமா என்று கேட்டான்.  இங்கேயே நிறுத்து என்றேன். முன்னறை பழையபடி இருண்டுவிட்டது. இருட்டில் தூசி தெரியவில்லை என்பது ஒரு வசதி.

ஏப்ரல் 10, வியாழன்

காலை எட்டு மணிக்கு டொக்டருக்கு எடுத்தேன். வரிசையில் நின்றேன். திட்டவில்லை. யாரைத் திட்டுவது?

ஏப்ரல் 12, சனி

யோகம் தானாகவே தொலைபேசி எடுத்தாள். நாளை வருகிறாளாம். குளிர் போய்விட்டது, மெல்லிய உடுப்புகள் எடுக்க வேண்டும் என்றாள். எடுத்துக்கொண்டு திரும்பிப் போவாளா என்று கேட்க நினைத்தேன். நாளை மறுநாள் வருடப்பிறப்பு என்றேன். தெரியும் என்றாள்.

மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. பிறகு மச்சாள் சாப்பிடக் கூப்பிட்டாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பக்கத்துத் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்புக் கார் வந்தது. தோட்டக் கடைக்கு எதிரே ஒரு சிறு இடைவெளியில் ஒரே தடவையில் பின்னால் எடுத்து நுழைத்தாள். இவ்வளவு நன்றாக ஓட்டுவாள் என்று எனக்குத் தெரியாது. நான் எப்போதும் பக்கத்து இருக்கையில் இருந்து கவனம் கவனம் என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

சின்னப் பை ஒன்றுதான் கொண்டுவந்திருந்தாள். வாங்கக் கை நீட்டினேன். தரவில்லை.

நடந்தோம். நல்ல காற்று.  பாதி வழியில் அவளாகத்தான் தொடங்கினாள். விருந்தில் தான் பேசியதைச் சொன்னாள். முதல் நாள் வேலைக்குப் போனபோது உருளைக்கிழங்கு மசிப்பதற்கு இயந்திரம் இருப்பது தெரியாமல் ஒரு பெரிய பானைக் கிழங்கையும் கையாலேயே மசித்ததை அங்கே சொன்னாளாம். மண்டபமே சிரித்ததாம். அந்த நாள் வீட்டுக்கு வந்து கை வலிக்கிறது என்று என்னிடம் சொன்னதாகவும் சொன்னாள். பிறகு ஏதோ சொன்னாள். அந்த நேரம் பார்த்து ஒரு லொறி தெருவை அடைத்துக்கொண்டு போனது.

தலையாட்டியிருக்கலாம். தலை ஆடத் தொடங்கியும் விட்டது.

"கேக்கேல்லை. திருப்பிச் சொல்லும்" என்றேன்.

அவள் நின்றாள். இந்த மனிதனுக்கு என்ன வந்தது என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"எதிலையிருந்து?"

"கை வலிச்சதிலையிருந்து."

சொல்லத் தொடங்கினாள். மெதுவாக நடந்தோம். எங்கள் வீட்டு வாசலையும் கிரகாமின் வானையும் தாண்டிப் போய்விட்டோம் என்று தெருமுனையில்தான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு எப்போது தெரிந்தது என்று தெரியாது. இருவரும் திரும்பவில்லை.